நேரம் தவறாத நீர்

பழனிக்கு அருகே மலையடிவாரத்தில் அமைந்த பாலசமுத்திரத்தில் என் தமக்கையாரின் வீடு இருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர், கணவரை இழந்தவர், ஒரே மகன் மஸ்கட்டில் பொறியாளராக இருக்கிறான். வீட்டின் மொட்டைமாடியில் 38 தொட்டிகளில் செடிகள் வளர்க்கிறார். மல்லிகை, கனகாம்பரம், செம்பருத்தி, கறிவேப்பிலை, கற்பூரவல்லி, சில தக்காளி, சில கத்தரி, ஓர் எலுமிச்சை, மூலையில் ஒரு சோற்றுக்கற்றாழை. ஞாயிறன்று கோயில் பீடத்துக்குப் போகும் பூக்களில் ஒரு பங்கு அந்த மாடியிலிருந்து போவதுண்டு.

2023-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இத்தொட்டிகளுக்கு நீர் ஊற்றும் பொறுப்பை உள்ளங்கையளவு கருவியொன்று ஏற்றுக்கொண்டது. அது எங்கள் குடும்பத்தில் எழுப்பிய கேள்வியொன்றை இங்கே எழுத விரும்புகிறேன். கேள்வி எளியது. ஒரு செடிக்கு வேளை தவறாமல் நீர் கிடைக்கிறது. ஆனால் யாரும் ஊற்றவில்லை. அந்தச் செடியை யாரேனும் பேணுகிறார்கள் என்று சொல்லலாமா? கேட்டபோது விளையாட்டாகவே கேட்டேன். விடை தேடத் தொடங்கியபின் அது செடியோடு நிற்கவில்லை.

தொட்டிச் செடியின் நிலையை முதலில் சொல்ல வேண்டும். நிலத்தில் நிற்கும் மரம் மேல்மண் காய்ந்தால் வேரைக் கீழே இறக்கும், பக்கவாட்டில் நீட்டும், அடுத்த வீட்டுச் சாக்கடை வரையிலும் தேடிப் போகும். தொட்டிச் செடிக்கு அந்த உரிமை இல்லை. அதன் உலகமே ஒரு முழம் அகலமுள்ள மண்தான். சுட்ட மண்தொட்டியானால் சுவர் வழியாகவே ஈரம் கசிந்து ஆவியாகும்; வேருக்குக் குளிர்ச்சி, ஆனால் நீர் விரைவில் தீர்ந்துபோகும். பிளாஸ்டிக் வாளியில் ஈரம் நிற்கும். அளவு மிஞ்சினாலோ மண்ணுக்குள் இருக்கும் காற்று இடைவெளிகளை நீர் அடைத்துக்கொள்ள, வேர் மூச்சு முட்டி அழுகும். தாகத்தால் சாகும் தொட்டிச் செடிகளைவிட அளவுமீறிய உபசாரத்தால் சாகிறவை அதிகம் என்பார்கள் செடி வளர்ப்பவர்கள். எப்படியாயினும், ஒரு செடியை நிலத்திலிருந்து பிரித்துத் தொட்டியில் வைத்த கணத்திலேயே, வைத்தவர் ஒரு கடனை ஏற்றுக்கொள்கிறார். தேடிக்கொள்ளும் உரிமையைப் பறித்தவர் கொடுக்கும் கடமையைத் தட்டிக்கழிக்க முடியாது. காட்டுச் செடி வாடினால் அது இயற்கை. தொட்டிச் செடி வாடினால் அதற்குப் பதில் சொல்ல ஓர் ஆள் உண்டு.

அந்தக் கடன் பாலசமுத்திரத்தில் சற்றுக் கடுமையானது. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, தன் மழையையெல்லாம் மலைக்கு அப்பால் கேரளத்திலேயே கொட்டிவிட்டு, வறண்ட வெறுங்காற்றாக இப்பக்கம் வீசும். உடுமலைப்பேட்டை வட்டாரத்துக் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுதான். தெற்கே மலையின்மேல் மேகம் கறுத்திருக்கும்; மாடியில் மண் வெடித்திருக்கும். காலையில் ஊற்றிய நீர் பிற்பகலுக்குள் போய்விடும். ஆகவே தமக்கையார் காலையும் மாலையும் வாளி சுமந்தார். மாடிக் குழாய் இல்லாத வீடு அது. தொட்டி நிரப்பும் மோட்டார் கீழே, வாளி நிரப்பும் குழாயும் கீழே. எழுபதைத் தாண்டியவருக்கு முழங்கால் ஒத்துழைக்காததால், வீட்டு வேலைக்கு உதவ வரும் பெண்ணிடம் இவ்வேலையை ஒப்படைத்தார். அதற்கெனத் தனியாக மாதம் 400 ரூபாய். அவள் வராத நாள்களில் மீண்டும் இவரே ஏறுவார்.

விடுமுறைக்கு வந்த மகன் இதைப் பார்த்தான். மனம் பொறுக்கவில்லை. கோயம்புத்தூருக்குச் சென்று வேண்டியவற்றை வாங்கிவந்தான். மேல்நிலைத் தொட்டியிலிருந்து ஒரு குழாய். அதன் வாயில் நேரக் கருவி. அதிலிருந்து மாடியைச் சுற்றி ஒரு கறுப்புக் குழாய். அதில் துளையிட்டுச் செருகிய நூல்போன்ற சிறு குழாய்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுவான். இதில் ஒரு நுட்பம் உண்டு; செய்ய நினைக்கும் வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் குறிப்பிடுகிறேன். பத்து மீட்டர் உயரத்து நீருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ அழுத்தம் என்பது கணக்கு. வீட்டுத் தொட்டியோ மாடித்தளத்துக்கு மேல் ஐந்தடி உயரத்தில் இருக்கிறது. அதில் ஆறில் ஒரு பங்கு அழுத்தம்கூட வராது. அழுத்தத்தை நம்பித் திறக்கும் மின்காந்த வால்வுகள் பல இங்கே திறக்கவே திறக்காது. எனவே சிறு மோட்டாரால் பந்துவால்வைத் திருப்பும் வகையைத் தேர்ந்தெடுத்தான். இரண்டு பென்சில் பேட்டரிகளில் அது மாதக்கணக்கில் ஓடும்.

சொட்டுவானின் உறையில் மணிக்கு நான்கு லிட்டர் என்று அச்சிட்டிருந்ததை அவன் நம்பவில்லை. 20 நாள் விடுமுறையில் ஆறு நாள்களை அந்த மாடியிலேயே செலவழித்தான். ஒவ்வொரு சொட்டுவானின் கீழும் டம்ளரை வைத்து, பத்து நிமிடத்தில் எவ்வளவு சேர்கிறதென்று அளந்து, பழைய பள்ளிக் குறிப்பேடொன்றில் தொட்டி எண்ணிட்டு எழுதினான். மண்தொட்டிக்கு இரண்டு, பிளாஸ்டிக் வாளிக்கு ஒன்று, எலுமிச்சைக்கு மூன்று, கற்றாழைக்கு ஒன்றும் வேண்டாம். காலை 6 மணிக்கு 12 நிமிடம். மாலை 5 மணிக்கு 8 நிமிடம். நாளொன்றுக்கு அறுபது லிட்டர் சென்ற இடத்தில் முப்பது லிட்டர் போதுமென்றாயிற்று. "இனிமே அம்மா வாளி தூக்க வேண்டியதில்ல, மாமா" என்று என்னிடம் சொன்னபோது அவன் முகத்தில் இருந்த நிறைவு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

நான் உடனே குறை சொன்னேன். வயதான தம்பிகளின் வழக்கம் அது. செடியைத் தொட்டுப் பார்த்து ஊற்றுவது ஒரு தவம், அதை இயந்திரத்திடம் கொடுத்தால் செடி வாழும், உறவு செத்துப்போகும் என்றெல்லாம் பேசினேன். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் வெய்ல், தம் குறுகிய வாழ்வின் கடைசி ஆண்டுகளில் கவனத்தை வேண்டுதலுக்கு நிகராக வைத்து எழுதியதையும் துணைக்கு இழுத்தேன். தமக்கையார் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நீ ஒரு நாளாவது வாளி தூக்கியிருந்தா இப்படிப் பேசமாட்டே, தம்பி."

அந்தப் பதிலுக்கு எதிர்ப்பதில் இல்லை. கையுழைப்பின் அழகைப் பெரும்பாலும் கையுழைப்பில்லாதவர்களே பாடுகிறார்கள். கிணற்றடியின் கவிதை குடம் சுமந்தவளுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இடுப்பு வலிதான். தெருக்குழாய் வந்தபோது எந்தப் பெண்ணும் கிணற்றடியை நினைத்து அழுததாக நான் கேள்விப்பட்டதில்லை. எனவே கருவிக்கு எதிரான என் முதல் வாதத்தை அங்கேயே கைவிட்டேன்.

இரண்டாவது காரணம் வரலாற்றிலிருந்து வந்தது. நீரும் நேரமும் பழைய உறவினர்கள். நம் முன்னோர் நாழிகை வட்டிலில் நீரைக்கொண்டு நேரத்தை அளந்தார்கள்; 24 நிமிடம் ஒரு நாழிகை, 60 நாழிகை ஒரு நாள். ஐரோப்பியத் துறவு மடங்களிலும் இயந்திரக் கடிகாரம் வருமுன் நீர்க்கடிகாரமே நள்ளிரவுச் செபத்துக்கு எழுப்பியது. 1198-இல் இங்கிலாந்தின் பரி செயின்ட் எட்மண்ட்ஸ் மடத்துக் கோயிலில் தீப்பிடித்தபோது, இளந்துறவியரில் சிலர் கிணற்றுக்கும் சிலர் கடிகாரத்துக்கும் நீர் மொள்ள ஓடினார்கள் என்று அம்மடத்தின் வரலாற்றை எழுதிய ஜோசலின் பதிவு செய்திருக்கிறார். கடிகாரத்திலிருந்து நீர் மொண்டு தீயணைத்த காட்சியை எண்ணும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். அன்று நீர் நேரத்தை அளந்தது. இன்று மொட்டைமாடியில் நேரம் நீரை அளக்கிறது.

ஆனால் சிரிப்புக்கு அப்பால் ஒன்று இருக்கிறது. துறவியர் ஏன் மணியடித்துச் செபித்தார்கள்? அவர்களுக்கு ஆர்வம் இல்லாததாலா? ஆர்வத்தை நம்ப முடியாது என்று அறிந்திருந்ததால். உள்ளம் கனியும்போது மட்டும் செபிப்பவன் நாளடைவில் செபிப்பதை விட்டுவிடுவான். நேரம் குறிப்பது அன்பின்மைக்கு அடையாளமல்ல. தன் அன்பின் ஏற்ற இறக்கத்தை ஒருவன் முன்னரே ஒப்புக்கொண்டதற்கு அடையாளம். திருமண வாக்கும் துறவியின் வார்த்தைப்பாடும் அந்த இனத்தைச் சேர்ந்தவைதான். இன்று பொங்கி நிற்கும் மனம், வற்றப்போகும் நாளையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தன்னைக் கட்டிவைக்கிறது.

பாசனத்தில் இதற்கு இன்னொரு பெயர் உண்டு: முறை. நம் கண்மாய்களில் நீர்ப்பாய்ச்சி என்றொரு பணியாளர் இருந்தார். சில ஊர்களில் இன்றும் இருக்கிறார். மடையைத் திறப்பதும் அடைப்பதும், யார் வயலுக்கு எப்போது எவ்வளவு என்று பகிர்வதும் அவர் பொறுப்பு. பாரசீகத்துச் சுரங்கக் கால்வாய்ப் பாசனத்தில் அடியில் துளையிட்ட கிண்ணமொன்று நீரில் மிதந்து மூழ்கும் நேரமே ஒருவருடைய பங்கு. எங்கள் ஊரை அடுத்து, பாலாறும் பொருந்தலாறும் சேரும் இடத்தில், 65 அடி உயர அணை இருக்கிறது. அங்கும் நாள்கணக்கு வைத்துத்தான் மதகு திறக்கிறார்கள். அந்தக் கணக்கில் பாசமில்லை. இல்லாதிருப்பதே அதன் சிறப்பு. அன்பை நம்பி நீர் பகிர்ந்தால் தலைமடைக்காரனின் உறவினர் வயல் மட்டுமே விளையும். கடைமடையில் இருப்பவனுக்கு வேண்டியது பக்கத்து வயல்காரனின் நல்லெண்ணமல்ல, தவறாத ஒரு முறை. தமக்கையாரும் வாளி சுமந்த காலத்தில் மல்லிகைக்குத் தாராளமாகவும் கனகாம்பரத்துக்குக் கஞ்சத்தனமாகவும் ஊற்றியவர்தான். களைத்துப்போன நாள்களில் கடைசி வரிசைக்கு நீர் எட்டாமலே போனதுண்டு. கருவி வந்த பிறகு கடைசி வரிசை தழைத்தது. பாசமற்ற நீதி, பாரபட்சமுள்ள பாசத்தைவிடச் செடிகளுக்கு நன்மை செய்தது என்பதை நான் மறைக்கக் கூடாது.

இந்த இடத்தில் வாதத்தை முடித்திருப்பேன். ஆனால் செப்டம்பர் வந்தது.

தமக்கையாருக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. திண்டுக்கல்லில் என் வீட்டில் 15 நாள்கள் தங்கினார். கருவி இருக்கும் தைரியத்தில் மாடியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. உதவிக்கு வரும் பெண்ணுக்கும் மாடியில் வேலை இல்லாததால், கீழ்வீட்டைப் பெருக்கிப் பூட்டிப் போய்க்கொண்டிருந்தாள். தமக்கையாரோடு ஊர் திரும்பி மாடியேறிப் பார்த்தபோது 36 தொட்டிகள் செழித்திருந்தன. எலுமிச்சை இலையெல்லாம் உதிர்ந்து குச்சியாக நின்றது. கற்றாழை, அடி கொழகொழத்து, தொட்டவுடன் சாய்ந்தது.

நடந்தது இதுதான். எலுமிச்சைக்குப் போகும் சிறுகுழாயை, கற்றாழைத் தொட்டிக்கு மேலே ஓர் அணில் கடித்துவிட்டிருந்தது. காலை 12 நிமிடம், மாலை 8 நிமிடம், ஒரு நாளும் தவறாமல் எலுமிச்சையின் பங்கு கற்றாழையில் ஒழுகியிருக்கிறது. ஒன்று தாகத்தால், ஒன்று வெள்ளத்தால். கருவி மீது பிழை இல்லை; திறக்க வேண்டிய நேரத்தில் திறந்தது, அடைக்க வேண்டிய நேரத்தில் அடைத்தது. அது வாக்குத் தவறவில்லை என்றுகூடச் சொல்ல முடியாது. வாக்கு என்பது மீறக்கூடியவர் கொடுப்பது. அது வெறுமனே ஓடிக்கொண்டிருந்தது.

நியாயமாகப் பார்த்தால் கருவியில்லாமல் அந்தப் பதினைந்து நாளில் 38-உம் போயிருக்கும். 36-ஐக் காப்பாற்றியதைப் பழிப்பது நன்றிகெட்ட செயல். அப்படியிருந்தும் அன்று எங்கள் மூவர் முகத்திலும் இருந்தது வெட்கம். பேட்டரியில் ஓடும் பொருளொன்று பிழை செய்தால் மனிதனுக்கு ஏன் வெட்கம் வரவேண்டும்? உதவிக்கு வரும் பெண் சொன்னாள்: "நான் மேல வந்துக்கிட்டு இருந்தா பாத்திருப்பேன், டீச்சரம்மா." அவள் யாரையும் குற்றம் சொல்லவில்லை. இழந்த 400 ரூபாயையும் குறிப்பிடவில்லை. நாங்களாகவே அதை நினைத்தோம்.

அந்த 400 ரூபாயைப் பற்றி ஒரு சொல். அரிஸ்டாட்டில் தம் அரசியல் நூலின் முதற்பகுதியில், தறிநாடா தானாகவே நெய்யுமானால் எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்படமாட்டார்கள் என்ற கருத்தைப் போகிறபோக்கில் சொல்கிறார். இன்று நாடா தானாக ஓடுகிறது; குழாய் தானாகத் திறக்கிறது. ஏவல் செய்தவர் விடுதலை அடைந்தாரா, வேலை இழந்தாரா என்பது கருவியைப் பொறுத்ததன்று, மீந்த பணம் யார் பையில் நின்றது என்பதைப் பொறுத்தது. எங்கள் வீட்டில் அது எங்கள் பையில் நின்றது. ஜூலை மாதத்தில் தாய்க்காக அத்தனை உருகிய மகனுக்கோ, தவம் பற்றி விரிவுரை ஆற்றிய எனக்கோ இது தோன்றவில்லை.

மருமகனைப் பற்றி நான் அவசரப்பட்டுத் தீர்ப்பிடக் கூடாது. ஆறு நாள் டம்ளர் பிடித்து அளந்தானே, அது அன்பு இல்லையா? எனக்குத் தெரிந்து அந்தச் செடிகளை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர் வேறு யாரும் இல்லை. கற்றாழைக்கு நீர் வேண்டாம் என்று குறிப்பேட்டில் எழுதியவனும் அவனே. ஆனால் அந்தக் கவனத்துக்கு ஒரு தேதி உண்டு. ஜூலையில் ஒரு சாண் உயரம் இருந்த தக்காளி, செப்டம்பரில் இடுப்பளவு வளர்ந்து இருமடங்கு குடிக்கக் கேட்கும். ஆடிக் காற்று ஓய்ந்தால் மல்லிகைக்குப் பாதி போதும். உப்பு நீர் ஓடி ஓடிச் சில சொட்டுவான்களின் வாய் அடைந்து வந்தது. இவையெல்லாம் நடந்துகொண்டிருக்க, கருவி ஜூலை மாதத்துச் செடிகளுக்கே நீர் ஊற்றிக்கொண்டிருந்தது. அச்செடிகள் மாடியில் இல்லை.

இதை நான் சொன்னபோது தமக்கையார் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, செடியோடு தொடர்பில்லாததுபோல் ஒன்றைச் சொன்னார். மகன் மஸ்கட் போன புதிதில் மாதந்தோறும் டிராஃப்ட் எடுத்து அனுப்புவானாம். வந்து சேர்ந்ததா என்று கேட்க ஒரு தொலைபேசி வரும். சேரவில்லையென்றால் இன்னொன்று வரும். 2019-இல் வங்கியில் நிரந்தரக் கட்டளை கொடுத்துவிட்டான்; அன்றிலிருந்து ஒன்றாம் தேதி காலையில் பணம் கணக்கில் இருக்கிறது. கோவிட் காலத்திலும் ஒரு மாதம் தவறவில்லை. "இப்பல்லாம் வந்துதான்னு அவன் கேக்கறதில்ல. வந்திருக்கும்னு அவனுக்குத் தெரியும்."

குறையாகச் சொன்னாரா என்று கேட்டால், இல்லையென்றே நினைக்கிறேன். ஆசிரியை அல்லவா, ஒரு மாற்றத்தைக் குறித்துவைத்தார். ஆனால் எனக்கு அந்தக் குச்சியான எலுமிச்சை வேறொன்றாகத் தெரிந்தது. 2019-இல் அவர் தனியே பழனிச் சந்தைக்குப் போய்வந்தவர். இப்போது ஆட்டோ வைக்கிறார், மருந்து கூடியிருக்கிறது, இரவில் ஒரு விளக்கை எரியவிட்டுப் படுக்கிறார். தொகை 2019-இன் தொகைதான். தொகையைக் கூட்டச் சொன்னால் அவன் அன்றே கூட்டுவான், ஐயமில்லை. ஆனால் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்பு, டிராஃப்ட் வந்ததா என்ற பேச்சினூடே, சொல்லாமலே அவனுக்குத் தெரிந்துவிடும்.

இவ்விடத்தில் ஒரு பழைய பானையை நினைக்கிறேன். கி.மு. முதல் நூற்றாண்டில் சீனத்தில் ஃபான் ஷெங்-சி என்பவர் வேளாண்மை பற்றி எழுதிய நூலில் ஒரு முறை சொல்லப்படுகிறது: மெருகிடாத மண்பானையை நிலத்தில் கழுத்தளவு புதைத்து நீர் நிரப்பி, சுற்றிலும் பழக்கொடிகளை நடுவது. நம் நாட்டிலும் பானைப் பாசனம் என்று வறண்ட பகுதிகளில் இதைச் செய்கிறார்கள். பானையின் சுவர் வழியே நீர் கசியும். ஆனால் எப்போதும் ஒரே அளவிலன்று. சுற்றியுள்ள மண் காய்ந்தால் அது உறிஞ்சும், பானை கொடுக்கும். மழை பெய்து மண் நனைந்தால் உறிஞ்சாது, பானை கொடுக்காது. கடிகாரம் இல்லை, பேட்டரி இல்லை. நேரக் கருவி, நேரம் வந்தால் கொடுக்கிறது; பானை, கேட்டால் கொடுக்கிறது. மண்ணின் ஈரத்தை உணரும் முள்களைச் செருகிய புதிய கருவிகளும் இப்போது விற்கின்றன. பானை செய்ததை விலை கூட்டிச் செய்கின்றன என்பதற்கு மேல் அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பானைக்கும் நிரப்ப ஆள் வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எத்தனை நாளைக்கு ஒருமுறை நிரப்ப நேர்கிறது என்பதிலிருந்தே செடியின் நலம் நிரப்புகிறவருக்குத் தெரிந்துவிடும். கொடுப்பவருக்குத் திரும்பி ஒரு செய்தி வருகிறது. எங்கள் மாடியிலும் அந்த வங்கிக் கட்டளையிலும் இல்லாமற்போனது அந்தத் திரும்பும் செய்திதான்.

ஊற்றும் கையை ஓய்வுக்கு அனுப்பலாம். அதில் பாவமுமில்லை, இழப்புமில்லை. ஆனால் கையோடு சேர்ந்து கண்ணும் மாடிக்குப் போய்க்கொண்டிருந்தது. வாளி சுமந்தவர் எவரும், நான் இப்போது செடிகளைக் கவனிக்கிறேன் என்று எண்ணியிருக்கமாட்டார். நீர் ஊற்றினார், ஊற்றும்போது புழுவைப் பார்த்தார், மொட்டை எண்ணினார், அணிலைத் துரத்தினார். வேலையின் நிழலில் கவனம் கூலியில்லாமல் நடந்துகொண்டிருந்தது. வேலையை நீக்கும்போது நிழலும் நீங்குமென்று நாம் எதிர்பார்ப்பதில்லை. கருவி தந்த அரைமணி நேரத்தில் சும்மா மாடியேறிச் செடியைப் பார்க்கலாமே என்று கேட்கலாம். கேட்கலாம்தான். காரணமில்லாமல் போய்ப் பார்ப்பது மனிதருக்கு எவ்வளவு கடினம் என்பது, மருத்துவமனையில் இருக்கும் உறவினரைப் பார்க்க ஆரஞ்சுப்பழம் வாங்கிக்கொண்டு போகும் எல்லோருக்கும் தெரியும். வெறுங்கையோடு போய் நிற்க நமக்குக் கூச்சம். கையில் ஒரு வாளி வேண்டியிருக்கிறது.

இதற்கு எதிராகவும் ஒன்று சொல்லவேண்டும், ஏனெனில் கவனத்தையும் மிகைப்படுத்தலாம். மாற்கு நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தில் தானாக வளரும் விதையின் உவமை வருகிறது. விதைத்தவன் உறங்கி எழுகிறான். விதை எப்படி முளைக்கிறது என்று அவனுக்கே தெரியாது. நிலம் தானாகவே விளைவிக்கிறது. 'தானாகவே' என்பதற்குக் கிரேக்க மூலத்தில் ஆளப்பட்டிருக்கும் சொல் 'அவுதோமாதே'. 'ஆட்டோமேட்டிக்' என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல் அதே வேரிலிருந்து வந்தது. புதிய ஏற்பாட்டில் வேறு ஓரிடத்தில் மட்டுமே அது வருகிறது: திருத்தூதர் பணிகளில் பேதுருவுக்கு முன் சிறையின் இரும்புக் கதவு தானாகத் திறக்கும் இடத்தில். இவ்விரண்டு இடங்களிலும் தானாக நடப்பது மனிதன் செய்துவைத்த ஏற்பாடன்று. அவன் கைக்கு எட்டாதது. இந்தக் கோணத்தில் பார்த்தால் வாளியும் கருவியும் ஒரே தரம். இரண்டுமே நீரைத்தான் கொண்டுபோகின்றன, வளர்ச்சியை அல்ல. 36 தொட்டிகள் செழித்ததற்குக் கருவி பெருமைப்பட முடியாததுபோலவே, முந்தைய பத்தாண்டுகளின் மல்லிகைக்கு வாளியும் பெருமைப்பட முடியாது. எந்நேரமும் கண்ணை நட்டுக்கொண்டிருப்பவர் நல்ல தோட்டக்காரர் ஆவதில்லை. நாளுக்கு மூன்றுமுறை மண்ணைக் கிளறிப் பார்ப்பவரிடம் விதை முளைக்காது. உறங்கப் போகவும் தெரியவேண்டும். மகன் தினமும் மூன்றுமுறை தொலைபேசியில் அழைத்தால் தமக்கையார் எரிச்சலடைவார் என்பதை நான் உறுதியாகச் சொல்வேன்.

ஆகவே கருவியைக் கழற்றவேண்டும் என்று நான் சொல்லவில்லை, தமக்கையாரும் கழற்றவில்லை. உதவிக்கு வரும் பெண்ணிடம் மீண்டும் பேசினார். 400 ரூபாய் முன்போலவே. ஆனால் வேலை வேறு. வாரம் மூன்று நாள் மாடிக்குப் போய் ஒவ்வொரு தொட்டியிலும் விரலைக் கணு அளவுக்கு நுழைத்துப் பார்க்க வேண்டும். ஈரமா, காய்ந்திருக்கிறதா என்று வந்து சொல்ல வேண்டும். "பாக்குறதுக்கா காசு, டீச்சரம்மா?" என்று அவள் சிரித்தாள். ஆமாம், அதற்குத்தான் என்றார் இவர். மருமகனின் குறிப்பேட்டில், அவனுடைய பத்தியை அடுத்த காலிப் பத்தியில், அவள் சொல்லச் சொல்ல எழுதிவைக்கிறார்.

அந்த ஐப்பசியில் மழை இறங்கியது. முதல் நாள் மாலை, மழை கொட்டிக்கொண்டிருக்கும்போதே ஐந்து மணிக்குக் கருவி திறந்து, நனைந்த தொட்டிகளுக்கு எட்டு நிமிடம் நீர் ஊற்றியதாம். மறுநாள் தமக்கையாரே மெல்லப் படியேறிக் கருவியின் திருகை நிறுத்தத்தில் வைத்துவிட்டு, அன்றிரவு மகனைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னார். வழக்கமாக அவன்தான் அழைப்பான். என்னவோ ஏதோ என்று பதறியிருக்கிறான். மழை என்றதும், எந்தப் பக்கத்திலிருந்து அடித்தது, கடைசி வரிசை நனைந்ததா, மாடியில் நீர் தேங்குகிறதா என்று கேட்டுக்கொண்டே போனானாம். எலுமிச்சையைப் பற்றி அதுவரை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை; அன்று சொன்னார். மூன்று சொட்டுவான் வைத்தேனே என்றான். அணில் என்றார். அடியிலிருந்து இரண்டாவது கணுவில் பச்சை தெரிகிறது என்றும் சொன்னார். கருவியை எப்போது மறுபடி ஓட்டுவது என்று அவன் கேட்டதற்கு, தை பிறக்கட்டும் பார்க்கலாம் என்று பதில் சொல்லியிருக்கிறார். அதற்குள் அந்தக் குச்சிக்கு எத்தனை சொட்டுவான் வேண்டுமென்று தெரிந்துவிடுமாம்.